அன்லிஸ்டட் கோடு க்ளைமுக்குப் பணம் வரவில்லையா? டினையலைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

லேப்ராஸ்கோப்பி வழியாக ஈரலின் இரண்டாம், மூன்றாம் செக்மென்ட்டுகளைச் சர்ஜன் வெட்டி எடுக்கிறார். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் பில் போட 47120 என்ற கோடு தயாராக இருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் செய்ததற்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிபிடி புத்தகத்தில் (சிகிச்சைகளுக்கான கோடுகளின் பட்டியல்) தனிக் கோடு கிடையாது. ஆகவே 47379 என்ற அன்லிஸ்டட் கோடைப் போட வேண்டும். ஈரலில் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்த, பட்டியலில் இடம்பெறாத சிகிச்சை என்பது அதன் பொருள்.

அந்த எண்ணுக்குப் பின்னால் விலையே இல்லை. அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் ஃபீ ஷெட்யூலில் தேடிப் பாருங்கள்: ஆர்வியூ (விலைக்கு அடிப்படையான உழைப்பு மதிப்பெண்) 0.00, ஸ்டேட்டஸ் 'சி', குளோபல் நாட்கள் (அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பும் அதே கட்டணத்தில் அடங்கும் நாட்கள்) 'ஒய்ஒய்ஒய்'. அதாவது விலையையும் குளோபல் நாட்களையும் அந்தந்தப் பகுதியின் மெடிகேர் கான்ட்ராக்டரே தீர்மானிக்க வேண்டும். தனியார் பேயர்களிடமும் (பணம் தரும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள்) கிட்டத்தட்ட இதே கதைதான். கம்ப்யூட்டர் தானாக விலை போட முடியாது, ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். அவர் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் முக்கால்வாசிக் கோளாறும் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இரவு ஷிஃப்டில் இந்த க்ளைம்களைப் பார்க்கிற ஏஆர் (வராத பணத்தைப் பின்தொடர்பவர்கள்), கோடிங் குழுக்களுக்காக, ஒவ்வொரு டினையலும் (பணம் தர மறுப்பு) எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கீழே எழுதியிருக்கிறோம்.

'கிட்டத்தட்ட ஒன்றுதானே, 47120-ஐயே போட்டால் என்ன?' என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் எழும். போடக்கூடாது. செய்ததை ஏறக்குறைய ஒத்திருக்கிற கோடைத் தேர்ந்தெடுக்காதே என்று சிபிடி புத்தகமே சொல்கிறது. இன்று பணம் வந்துவிடும். நாளை ஆடிட்டில் ஆப் நோட்டையும் (சர்ஜன் எழுதும் அறுவைக் குறிப்பு) க்ளைமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டிவரும்.

கிளியரிங்ஹவுஸே திருப்பி அனுப்புகிறது, பேயரிடம் க்ளைம் எண்ணே இல்லை

இது டினையல் அல்ல, ரிஜெக்‌ஷன். க்ளைம்களைப் பேயருக்குக் கடத்தும் கிளியரிங்ஹவுஸிலேயே நின்றுவிட்டது, பேயரின் கதவைக் கூடத் தட்டவில்லை. 837பி ஃபைலில் (எலக்ட்ரானிக் க்ளைம்) 2400 லூப்பில் எஸ்வி101-7 என்ற இடம் காலியாக இருக்கும். மற்றக் கோடுகளுக்கு அது காலியாக இருக்கலாம். அன்லிஸ்டட் கோடுக்கு அங்கே விவரிப்பு கட்டாயம். 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும். பேப்பர் க்ளைம் என்றால் சிஎம்எஸ்-1500 படிவத்தில் 19-ஆம் கட்டம்.

அந்த 80 எழுத்தில் என்ன எழுதுவது? 'லேப்ராஸ்கோப்பிக் புரொசீஜர், லிவர்' என்று கோடின் பெயரையே திரும்ப எழுதுபவர்கள் அதிகம். அதனால் எந்தப் பயனும் இல்லை. இப்படி இருக்கட்டும்:

லேப் பார்ஷியல் ஹெபடெக்டமி செக் 2-3, கம்பேரபிள் 47120, ஆப் நோட் அட்டாச்டு

செய்தது என்ன, எதைப் போன்றது, ஆதாரம் எங்கே. மூன்றும் வந்துவிட்டன. பில்லிங் சாஃப்ட்வேரில் இந்த வரியை எந்தப் பெட்டியில் தட்டினால் எஸ்வி101-7-க்குப் போகிறது என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். சில சாஃப்ட்வேரில் 'நோட்ஸ்' என்ற பெட்டி உள்ளுக்குள்ளேயே தங்கிவிடும், க்ளைமோடு போகாது. கிளியரிங்ஹவுஸில் அனுப்பப்பட்ட ஃபைலைத் திறந்து அந்த வரி கண்ணில் படுகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே நம்பகமான சோதனை.

சிஓ-16, கூடவே என்350 அல்லது எம்29

பேயர் அனுப்பும் விளக்கத் தாளான ஈஓபியில் சிஓ-16 மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அது 'ஏதோ குறைகிறது' என்று மட்டும்தான் சொல்லும். என்ன குறைகிறது என்பதைப் பக்கத்தில் உள்ள ரிமார்க் கோடு சொல்லும். என்350 என்றால் அன்லிஸ்டட் கோடுக்கான விவரிப்பு இல்லை அல்லது சரியில்லை, மேலே சொன்ன வரியைத் திருத்துங்கள். எம்29 என்றால் ஆப் நோட் கிடைக்கவில்லை. சிஓ-252 வந்தாலும் கேட்பது ஆவணத்தைத்தான்.

ஈஓபியில் எம்ஏ130 இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். மெடிகேரில் இது முக்கியம். எம்ஏ130 இருந்தால் அந்த க்ளைம் 'பிராசஸ் செய்ய முடியாதது', அதற்கு அப்பீல் உரிமையே கிடையாது. அப்பீல் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பது வீண். குறையைச் சரிசெய்து புது க்ளைமாக அனுப்ப வேண்டும். மெடிகேர் பார்ட் பி-யில் (டாக்டர் கட்டணப் பிரிவு) ஃப்ரீக்வென்சி 7 (பழைய க்ளைமுக்கு மாற்று என்ற குறி) போட்டுக் கரெக்டட் க்ளைம் அனுப்பும் வழி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். தனியார் பேயர் என்றால் பெரும்பாலும் ஃப்ரீக்வென்சி 7, கூடவே பழைய க்ளைம் எண். அந்த எண்ணை விட்டுவிட்டால் சிஓ-18, டூப்ளிகேட் என்று திரும்பி வரும்.

30 நாள், 45 நாள் ஆகியும் 'இன் பிராசஸ்' என்றே சொல்கிறார்கள்

க்ளைம் ஒரு பக்கம், ஃபேக்ஸில் போன ஆப் நோட் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பேயரின் பொது ஃபேக்ஸ் எண்ணுக்கு எதையாவது அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான்.

இரண்டையும் இணைப்பது பிடபிள்யூகே செக்மென்ட். முதல் இடத்தில் ஆவண வகை, ஆப் நோட்டுக்கு 'ஓபி' (OB). இரண்டாம் இடத்தில் எப்படி அனுப்புகிறீர்கள்: ஃபேக்ஸ் என்றால் 'எஃப்எக்ஸ்', தபால் என்றால் 'பிஎம்' (BM), எலக்ட்ரானிக் என்றால் 'இஎல்'. ஆறாம் இடத்தில் நீங்களே உருவாக்கும் கன்ட்ரோல் எண். அதே எண் ஃபேக்ஸின் கவர் ஷீட்டிலும் இருக்க வேண்டும். ஒரு பூஜ்யம் விடுபட்டாலும் சேராது. மெடிகேர் கான்ட்ராக்டர் ஃபேக்ஸுக்கு 7 நாள், தபாலுக்கு 10 நாள் காத்திருப்பார். அதற்குள் வராவிட்டால் க்ளைமை இருக்கிறபடி முடிவு செய்வார், அல்லது ஆவணம் கேட்டு ஏடிஆர் கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதத்துக்கு 45 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஏடிஆர் பெரும்பாலும் பிராக்டீஸின் அமெரிக்க முகவரிக்குப் போய் அங்கேயே மேஜையில் கிடக்கும். வாரம் ஒருமுறை அதைக் கேட்டு வாங்குங்கள்.

பேயரை அழைக்கும்போது 'ஸ்டேட்டஸ் என்ன' என்று கேட்டால் 'இன் பிராசஸ்' என்ற பதிலைத் தவிர வேறு வராது. கேட்க வேண்டியவை வேறு. ஆவணம் எந்தத் தேதியில் ஸ்கேன் ஆனது? எத்தனை பக்கம்? க்ளைம் இப்போது கிளினிகல் ரிவ்யூவில் இருக்கிறதா, பிரைசிங்கில் இருக்கிறதா? எந்தத் தேதியிலிருந்து அங்கே இருக்கிறது? பக்க எண்ணிக்கை மிக உதவியான கேள்வி. நீங்கள் 9 பக்கம் அனுப்பியிருக்க, பேயரின் ரெப் (அழைப்பை எடுப்பவர்) 4 என்றால் ஃபேக்ஸ் பாதியில் அறுந்திருக்கிறது. கால் ரெஃபரன்ஸ் எண்ணும் ரெப்பின் பெயரும் நோட்ஸில் ஏறட்டும்.

அனுப்பும் முன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சர்ஜனின் கையெழுத்து இல்லாத நோட், டிஓஎஸ்ஸோடு (சிகிச்சை நடந்த தேதி) பொருந்தாத தேதி, நடுவில் வேறொரு நோயாளியின் பக்கம் என எல்லாம் நடக்கிறது. கடைசியாகச் சொன்னது ஹிப்பா (நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டம்) மீறல். க்ளைம் திரும்புவதைவிட அது பெரிய வினை.

சிஓ-189: 'இதற்குத் தனிக் கோடு இருக்கிறதே'

பேயர் சொல்வது சரியாக இருக்கலாம். முதலில் நம் பக்கத் தவறைச் சந்தேகியுங்கள். டிஓஎஸ் எந்த ஆண்டோ அந்த ஆண்டின் புத்தகங்களில் மூன்று இடம் தேட வேண்டும்: சிபிடியின் கேட்டகரி 1 (நிலையான கோடுகள்), கேட்டகரி 3 (புதிய சிகிச்சைகளுக்கான தற்காலிகக் கோடுகள்), சிபிடிக்கு வெளியே உள்ள ஹெச்சிபிசிஎஸ் லெவல் 2. நான்கு எண்ணும் 'டி' எழுத்தும் கொண்ட கேட்டகரி 3 கோடு பொருந்தினால் அன்லிஸ்டட் போடவே கூடாது, அது விதி. ஜனவரியோடு ஜூலையிலும் புதிய கேட்டகரி 3 கோடுகள் நடைமுறைக்கு வருகின்றன. ஜனவரியில் அச்சடித்து மேஜையில் ஒட்டிய பட்டியல் ஆகஸ்டில் பொய் சொல்லும். பெரும்பாலான கேட்டகரி 3 கோடுகளுக்கும் ஆர்வியூ இருக்காது. ஆகவே கீழே வரும் ஒப்பீட்டுக் கடிதம் அவற்றுக்கும் தேவைப்படும்.

அடிக்கடி கண்ணில் படும் தவறு இது: முன்வயிற்று ஹெர்னியாவை ரோபோவில் சரிசெய்ததற்கு 49659 என்ற அன்லிஸ்டட் கோடைப் போடுவது. 2023 ஜனவரி 1 முதல் 49591 தொடங்கி 49618 வரையிலான கோடுகள் எந்த முறையில் செய்தாலும் பொருந்தும், திறந்த முறை, லேப்ராஸ்கோப்பி, ரோபோ மூன்றுக்கும். பாராஸ்டோமல் ஹெர்னியாவுக்கும் 49621, 49622 வந்துவிட்டன. ரோபோ பயன்படுத்தியது மட்டுமே அன்லிஸ்டட் போடக் காரணமாகாது. லேப்ராஸ்கோப்பிக்குக் கோடு இருந்தால் ரோபோவுக்கும் அதுவே. அதுபோல, லேப்ராஸ்கோப்பியில் தொடங்கிப் பாதியில் வயிற்றைத் திறந்துவிட்டால் 47379 இல்லை. திறந்த முறைக்கான 47120, டயக்னோசிஸில் இசட்53.31 சேரும்.

எல்லாம் தேடியும் பொருந்தும் கோடு இல்லையென்றால் பேயர் சொல்வது தவறு. அப்பீலில் அவர்கள் சுட்டுகிற கோடை எடுத்து, அது ஏன் பொருந்தாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: '47120 திறந்த அறுவைக்கானது, ஆப் நோட் இரண்டாம் பத்தியில் நான்கு ட்ரோக்கார் வைத்து லேப்ராஸ்கோப்பியில் முடித்தது பதிவாகியுள்ளது.' ஆப் நோட்டில் அந்த வரியை ஹைலைட் செய்து அனுப்புங்கள்.

பணம் வந்தது, ஆனால் மிகக் குறைவு

உண்மையான உழைப்பு தேவைப்படும் இடம் இதுதான். பலர் 'அன்லிஸ்டட் என்றால் இவ்வளவுதான் வரும்' என்று மீதியை ரைட் ஆஃப் செய்து (கணக்கிலிருந்து தள்ளி) விடுகிறார்கள். ஐந்து மணி நேர ஈரல் அறுவைக்குச் சிறு பயாப்ஸிக்கான தொகை வந்தால் அதை விட்டுவிடக் கூடாது.

முதலில் எந்தக் கணக்கில் விலை போட்டார்கள் என்று பேயரைக் கேளுங்கள். அவர்கள் வேறொரு கோடோடு ஒப்பிட்டிருந்தால் அந்தக் கோடின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பிராக்டீஸின் கான்ட்ராக்டைத் திறந்து, ஆர்வியூ இல்லாத கோடுகளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'பில் செய்த தொகையில் இத்தனை சதவீதம்' என்று இருந்தால் உங்கள் சார்ஜ்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதே நாளில் வேறு சிகிச்சையும் பில் ஆகியிருந்தால் மல்டிபிள் புரொசீஜர் குறைப்பையும் பாருங்கள். ஆர்வியூ பூஜ்யமாக இருப்பதால் சிஸ்டம் அன்லிஸ்டட் கோடைக் கடைசி வரிசையில் தள்ளி, பெரிய அறுவைக்குப் பாதித் தொகை வெட்டியிருக்கக்கூடும்.

அடுத்து, ஒப்பீட்டுக் கோடு சரிதானா? நல்ல கம்பேரபிள் கோடு அதே உறுப்பில், அதே நோக்கத்துக்காக, ஏறக்குறைய அதே நேரமும் ஆபத்தும் கொண்ட சிகிச்சையாக இருக்க வேண்டும். விலை அதிகம் என்பதற்காக எடுத்த கோடு ரிவ்யூவர் கண்ணில் உடனே படும், கடிதம் முழுவதும் நம்பகத்தன்மை இழக்கும். செக்மென்ட் 2, 3-ஐ எடுத்ததற்கு 47120 பொருந்தும். முழு இடது லோபுக்கான 47125-ஐ எழுதினால் அது மிகைப்படுத்தல். ஒரு கோடு போதும்.

பிறகு சதவீதம். இதைக் கோடர் ஊகித்து எழுதக்கூடாது. சர்ஜனிடம் கேளுங்கள், காரணம் ஆப் நோட்டில் இருக்க வேண்டும். முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல் வரை எத்தனை நிமிடம், பழைய அறுவையால் ஒட்டியிருந்த குடலைப் பிரிக்க எவ்வளவு நேரம், இரத்த இழப்பு எத்தனை மில்லி, நோயாளியின் பிஎம்ஐ, பயன்படுத்திய சிறப்புக் கருவி. 'மிகவும் கடினமாக இருந்தது' என்ற வரிக்கு ரிவ்யூவர் ஒரு காசும் தரமாட்டார். 'அட்ஹீஷன்களைப் பிரிக்க 70 நிமிடம்' என்ற வரிக்குத் தருவார்.

கணக்கு எளிது. ஒப்பீட்டுக் கோடின் மொத்த ஆர்வியூ 70 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (உண்மையான எண்ணை அந்த ஆண்டுக்கும் ஊருக்கும் மெடிகேர் ஃபீ ஷெட்யூல் தேடலில் எடுங்கள்). 2025-இன் கன்வர்ஷன் ஃபேக்டரை (ஓர் ஆர்வியூவுக்கு மெடிகேர் தரும் தொகை) 32.35 டாலர் எனச் சுருக்கினால் 70-க்கு 2,264.50 டாலர். உழைப்பு 20 சதவீதம் கூடுதல் என்று சர்ஜன் நிறுவினால் 84 ஆர்வியூ, 2,717.40 டாலர். பிராக்டீஸின் சார்ஜும் இதே விகிதத்தில் அமைய வேண்டும். 47120-க்கு உங்கள் ஷெட்யூலில் 6,000 டாலர் என்றால் இதற்கு 7,200. கடிதத்தில் 20 சதவீதம், க்ளைமில் இரண்டு மடங்கு என்று இருந்தால் இரண்டுமே சந்தேகத்துக்குள்ளாகும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நடுப்பகுதி இப்படி அமையலாம்:

'செய்த சிகிச்சை: லேப்ராஸ்கோப்பி முறையில் ஈரலின் செக்மென்ட் 2, 3 நீக்கம். இதற்கு சிபிடி கோடு இல்லாததால் 47379 பில் செய்யப்பட்டது. ஒப்பீடு: 47120. ஒற்றுமை: அதே அளவு ஈரல் நீக்கம், அதே இரத்தக் குழாய்களைக் கட்டுதல், அறுவைக்குப் பின் அதே பராமரிப்பு. வேறுபாடு: முந்தைய இரண்டு அறுவைகளால் ஏற்பட்ட அட்ஹீஷன்களை லேப்ராஸ்கோப்பில் பிரிக்க 70 நிமிடம் (ஆப் நோட், பக்கம் 2). கோரும் மதிப்பு: 47120-இன் 120 சதவீதம்.'

ரிவ்யூவர் சர்ஜனாக இல்லாமல் நர்ஸாக இருக்கலாம். உடற்கூறியல் பாடம் எடுக்காமல், ஆனால் அவருக்கே புரியும்படி எழுதுங்கள்.

மாடிஃபையர் 22 (கூடுதல் உழைப்பு), 52 (குறைந்த சேவை) இரண்டையும் அன்லிஸ்டட் கோடோடு சேர்க்காதீர்கள். வழக்கத்தைவிட அதிகம், வழக்கத்தைவிடக் குறைவு என்று சொல்ல அந்தக் கோடுக்கு 'வழக்கம்' என்ற ஒன்றே இல்லை. கூடுதல் உழைப்பு சார்ஜிலும் கடிதத்திலும் வர வேண்டும். யூனிட் 1.

சர்ஜனுக்கு வந்துவிட்டது, ஏஎஸ்சி-க்கு வரவில்லை

மெடிகேர் நோயாளி என்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். அன்லிஸ்டட் கோடில் மட்டுமே பில் செய்யக்கூடிய அறுவையை மெடிகேர் ஏஎஸ்சி (அன்றே வீடு திரும்பும் அறுவைகளுக்கான தனி மையம்) பட்டியலில் சேர்ப்பதில்லை. அப்பீல் செய்து பயனில்லை, அடுத்த முறை ஷெட்யூல் செய்யும்போதே ஹாஸ்பிட்டலுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ஹாஸ்பிட்டல் அவுட்பேஷன்ட் என்றால் அந்த வகைச் சிகிச்சைகளின் மிகக் கீழான ஏபிசி-யில் (அவுட்பேஷன்ட் கட்டணக் குழு) விலை விழும், அதுவும் விதிதான். இன்பேஷன்ட் ஃபெசிலிட்டி பில் ஐசிடி-10-பிசிஎஸ் என்ற வேறு கோடு முறையில் போவதால் இந்தச் சிக்கலே அங்கு இல்லை.

சிஓ-197: ஆத் இருந்தும் 'ஆத் இல்லை'

ஆத் (பேயரின் முன் அனுமதி) கடிதத்தைத் திறந்து கோடைப் பாருங்கள். முன்பதிவில் இருப்பவர் 47120-க்கு வாங்கியிருப்பார், க்ளைம் 47379-இல் போயிருக்கும். பேயரை அழைத்து ஆத்தில் கோடை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அறுவை அரங்கில் திட்டம் மாறியிருந்தால் ஆப் நோட்டோடு பின்தேதி ஆத் கோருங்கள். இதற்கான அவகாசம் பேயருக்குப் பேயர் மாறும், அறுவை முடிந்த மறுநாளே கேட்பதுதான் பாதுகாப்பு. இனி வருபவற்றுக்கு ஆத் கேட்கும்போதே அன்லிஸ்டட் கோடு, ஒப்பீட்டுக் கோடு இரண்டையும் கடிதத்தில் எழுதுங்கள். பேயர் ப்ரீடிடர்மினேஷன் (சிகிச்சைக்கு முன்பே தரும் கவரேஜ் முடிவு) தருவார் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

டினையல் கோடு 55 அல்லது 50: 'பரிசோதனை நிலையில் உள்ளது', 'மருத்துவத் தேவை இல்லை'

கோடு இல்லை என்பதாலேயே சிகிச்சை புதுமையானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்பதை நிரூபிப்பதுதான் அப்பீல். முதலில் பேயரின் மருத்துவக் கொள்கையைத் தரவிறக்குங்கள். நோயாளியின் ரிக்கார்டில் அந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் நிறைவேறுகின்றன என்று குறியுங்கள். பிறகு மருத்துவ இலக்கியம். நம் உதாரணத்தில் கை வலுவானது: 2008-இல் லூயிவில் நகரில் கூடிய சர்வதேச நிபுணர் மாநாடு இடது ஓரப் பகுதியை லேப்ராஸ்கோப்பியில் நீக்குவதைத் தரமான சிகிச்சை என்று ஏற்றது. 2014-இல் ஜப்பானின் மோரியோகாவிலும் 2017-இல் சவுத்தாம்ப்டனிலும் இதன் தொடர்ச்சி நடந்தது. இப்படி மூன்று நல்ல ஆதாரம் போதும், முப்பது கட்டுரைகளை அடுக்கினால் யாரும் படிக்கமாட்டார்கள். சர்ஜன் நேரடியாகப் பேயரின் டாக்டரோடு பேசும் பியர்-டு-பியர் வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். அந்த அழைப்புக்கு முன் சர்ஜன் மேஜையில் கொள்கையின் பக்கமும் ஆப் நோட்டும் இருக்கட்டும்.

காலக்கெடு: மெடிகேரில் முதல் அப்பீலான ரீடிடர்மினேஷனுக்கு 120 நாள், அடுத்த கட்டமான ரீகன்சிடரேஷனுக்கு 180 நாள். எரிசா சட்டத்துக்குட்பட்ட வேலைவாய்ப்புத் திட்டங்களில் நோயாளிக்கு 180 நாள். அவர் சார்பில் பிராக்டீஸ் அப்பீல் செய்வதானால் அவர் கையெழுத்திட்ட அதிகாரப் படிவம் இணைக்க வேண்டும். அது இல்லாமல் போன நல்ல அப்பீல்கள் படிக்கப்படாமலேயே திரும்புகின்றன. கான்ட்ராக்டில் உள்ள பிராக்டீஸின் சொந்த அப்பீல் கெடு இதைவிடக் குறைவாக இருக்கலாம், எது முந்தி முடிகிறதோ அதைக் காலண்டரில் குறியுங்கள். உள் அப்பீல்கள் தோற்றால் 55, 50 போன்ற மருத்துவத் தீர்ப்பு சார்ந்த டினையல்களுக்கு வெளி மறுஆய்வு உண்டு. கடைசி மறுப்பு வந்ததிலிருந்து நான்கு மாதத்துக்குள் கேட்க வேண்டும். அங்கே வரும் முடிவு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

55 எந்தக் குழுக் கோடோடு வந்திருக்கிறது என்றும் பாருங்கள்: சிஓ என்றால் பிராக்டீஸின் பொறுப்பு, பிஆர் என்றால் நோயாளியின் பொறுப்பு. பிஆர்-55 என்றால் சாஃப்ட்வேர் தானாக முழுத் தொகையையும் நோயாளி பேலன்ஸுக்குத் தள்ளி, அந்த மாத ஸ்டேட்மென்ட்டை அச்சடித்துவிடும். ஈரல் கட்டியை எடுத்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவருக்கு 7,200 டாலர் கேட்டு ஒரு கடிதம் போகும். அப்பீல் போட்ட அன்றே அந்த அக்கவுன்ட்டில் ஸ்டேட்மென்ட் ஹோல்ட் போடுங்கள், ஏன் போட்டீர்கள் என்பதை நோட்ஸில் எழுதுங்கள், அப்பீலின் முடிவு கைக்கு வரும்வரை அதை எடுக்காதீர்கள்.